பழைய இதயத்துக்கு எக்ஸ்சேஞ்ச்

சீனிச்சாமியின் நெஞ்சுக்குள் ஓடிக்கொண்டிருந்தது, அவர் வேலை பார்க்கும் கம்பெனியே தயாரித்த இதயம். ஊழியர் சலுகையில் வாங்கியது. காலையில் விற்பனைப் பிரிவிலிருந்து அவருக்கு ஒரு செய்தி வந்தது: 'புதிய மாடல் வருகிறது! பழைய இதயங்கள் முப்பதாம் தேதியோடு நிறுத்தப்படும். அட்டைப்பெட்டியுடன் திருப்பித் தந்தால் எக்ஸ்சேஞ்ச் உண்டு.'

"பெட்டி தெர்மாகோலோட பரண்ல பத்திரமா இருக்கு," என்றாள் மனைவி பவுனுத்தாய். "தூக்கிப் போடுன்னு நீங்கதான் குதிச்சீங்க."

அவர் குடோனுக்குப் போன் போட்டார்.

"புது மாடல் லோடு அடுத்த மாசம் பன்னெண்டாம் தேதிதாண்ணே வருது."

"என்னுது முப்பதாம் தேதியே நின்னுடுமேப்பா!"

"அதை எங்ககிட்ட யாரும் சொல்லலையேண்ணே."

சர்வீஸ் பிரிவில் எடுத்த பெண், "புது மாடலெல்லாம் கிடையாது சார், யாரோ புரளி கிளப்புறாங்க," என்றாள். விற்பனைப் பிரிவில், "தேதியை மாத்த முடியாது சார், போஸ்டர் அடிச்சாச்சு," என்றார்கள்.

சாயங்காலம் மனிதவளப் பிரிவிலிருந்து ஒரு படம் வந்தது. 'பேனரின் மாதிரியை அனுப்பியிருக்கிறோம். எழுத்துப் பிழை இருந்தால் தெரிவிக்கவும்.'

கண்ணீர் அஞ்சலி. கறுப்பு வெள்ளையில் சீனிச்சாமி சிரித்துக்கொண்டிருந்தார். மறைவு: முப்பதாம் தேதி. கீழே, 'கண்ணீருடன்' என்று போட்டு, விற்பனை, குடோன், சர்வீஸ், மனிதவளம்.

அவர் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு மறுபடியும் படித்தார்.

"இருபத்திரண்டு வருஷத்துல நாலு பிரிவும் ஒரே தேதியை ஒத்துக்கிட்டது இதுதாண்டி முதல் தடவை."