மை எட்டாத வரி

"ஒரு வரிகூட எழுதி வைக்காம ஓடிப்போனவளுக்கு வருஷா வருஷம் பிறந்தநாள் அட்டை ஒரு கேடா?" செய்தித்தாளுக்குப் பின்னாலிருந்து எரிந்து விழுந்தார் கணவர். ஐந்து வருஷமாக அதே பாட்டு.

மனைவி அட்டை செய்வதில் முனைந்திருந்தாள். மகள் தாளுக்கு அடியில் வைத்து எழுதிவந்த தெர்மாகோல் அட்டையைப் பரணிலிருந்து எடுத்திருந்தாள். அதில் பூ கீறி, வாழ்த்து அட்டையில் அச்செடுக்க உத்தேசம். மை பிடிக்கிறதா என்று பார்க்க, மை தடவிய பாட்டிலை அதன்மேல் உருட்டினாள்.

கறுப்புக்குள் வெள்ளை வெள்ளையாக எழுத்துகள் எழுந்தன. எப்போதோ பேனா அழுத்திய தடம்.

"என்னங்க, நம்ம பொண்ணு எழுத்து! 'அம்மா, நாலு மணி வரைக்கும் பஸ் ஸ்டாண்டுல நிப்பேன். நீ வரலேன்னா...'"

அதற்குமேல் மை எட்டவில்லை. மறுபடி மை தடவிப் பாட்டிலை உருட்டினாள்.

"'...நான் உனக்கு வேண்டாம்னு நினைச்சுக்குவேன்.'"

செய்தித்தாள் இன்னும் தாழவில்லை. குரல் மட்டும் அதற்குப் பின்னாலிருந்து வந்தது: "அந்தக் கடுதாசியை அன்னிக்கே நான் கிழிச்சுப் போட்டுட்டேன்."