கழுத்துவலிக்காரர்கள்

“அடுத்த தலைவர் யார்? ஓவர்” என்று கேட்டுவிட்டு, மைக் பொத்தானிலிருந்து விரலை எடுத்தாள்.

மௌனம்.

சற்றுமுன்வரை அந்த அலைவரிசையில் கடலூர் மாவட்டமே இரைந்துகொண்டிருந்தது. ஹாம் ரேடியோ சங்கத்தின் காலைக் கூட்டம். அவரவர் வீட்டில் அவரவர் பெட்டி, அவரவர் பெருமை. வில்வநாதன் நேற்று பிரேசிலோடு பேசினாராம். அவர் வீட்டு ஆண்டெனாவின் உயரத்தைப் பார்த்து ஒரு விமானம் சுற்றிக்கொண்டு போனதாம்.

இப்போது ஒரு தும்மல்கூட இல்லை. வங்கக்கடல் வற்றிவிட்ட மாதிரி.

மறுபடி கேட்டாள். குரல் பாதியில் கிழிந்தது.

இனியும் கத்தினால் குரலே போய்விடும் என்று டாக்டர் சொல்லிவிட்டார்.

மழைக்காலமோ வாசலுக்கு வந்துவிட்டது. புயலில் செல்போன் கோபுரங்கள் படுத்துக்கொண்டால், தண்ணீர் சூழ்ந்த ஊர்களிலிருந்து கலெக்டர் அலுவலகத்துக்குச் சேதி போவது இந்தச் சங்கத்தின் வாயால்தான்.

சம்பளம் கிடையாது. டீ உண்டு. ஆறினது.

வருஷா வருஷம் ஏகமனதாக அவளையே தலைவியாகத் தேர்ந்தெடுத்தார்கள். ஒருமுறை, அவள் கழிவறைக்குப் போயிருந்தபோது. திரும்பி வந்தால் வாசலில் மாலையோடு நின்றார்கள்.

“சரி. எல்லாருக்கும் எழுபத்து மூணு” என்று ஹாம்கள் வழக்கப்படி வாழ்த்தி முடித்தாள்.

மேசையில், உருவக் காத்திருந்த கறிவேப்பிலைக் கட்டுக்குப் பக்கத்தில் மைக்கை வைத்தாள்.

கொஞ்ச நேரம் இரண்டையும் பார்த்துக்கொண்டிருந்தாள்.

பிறகுதான் அடுக்களைப் பக்கம் திரும்பினாள். அங்கே கணவர் காபி ஆற்றிக்கொண்டிருந்தார்.

“கேட்டீங்களா? ஒருத்தரும் வாயத் தொறக்கல. வில்வநாதனுக்கு மழைன்னா கழுத்துவலி. புயல்னா முதுகும் சேந்துக்கும். பிரேசில்காரன் கூப்பிட்டா மட்டும் அந்தக் கழுத்து ஒட்டகச்சிவிங்கியாட்டம் நீளும். ஜெபமணி சாருக்கு மாமியார் சீரியஸ். ஒவ்வொரு வெள்ளத்துக்கும் அந்தம்மா சாகக் கெடக்கும். தண்ணி வடிஞ்சதும் எந்திரிச்சு இட்லி கேக்கும்.”

அவர் சிரித்தார். அவள் சிரிக்கவில்லை.

“போன புயல்ல ஒரு புள்ளத்தாச்சி கூரை மேல உக்காந்திருந்தா. படகு எந்தப் பக்கம் போவணும்னு நான் ஒருத்தியேதான் விடிய விடியக் கத்துனேன். அன்னிக்குப் போன தொண்டைங்க இது. இந்த மழைக்கும் ஒருத்தி அப்படி உக்காந்திருந்தா, யாரு கத்துவா?”

கடைசிச் சொல் வெறும் காற்றாகத்தான் வந்தது.

ரேடியோவில் சிவப்பு விளக்கு எரிந்துகொண்டிருந்தது.

மைக் பொத்தான் அமுங்கியிருந்தால் எரிகிற விளக்கு. அது எரியும்வரை அந்த அலைவரிசையில் யாரும் குறுக்கே பேச முடியாது. கேட்கலாம். கேட்க மட்டும்தான் முடியும்.

பொத்தானை விட மறந்து வீட்டுச் சண்டையை ஊருக்கே ஒலிபரப்பியவர்களை அவள் திட்டாத நாளில்லை.

விளக்கைப் பார்த்தாள். பதறவில்லை. காபியை வாங்கி ஒரு மிடறு குடித்தாள். சர்க்கரை சரியாக இருந்தது.

அப்புறம் நிதானமாக மைக்கை எடுத்தாள். விளக்கு அணைந்தது.



யாரோ செருமினார்கள்.

“வில்வநாதன் பேசறேங்க மேடம்.”

தன் அழைப்புக்குறியைச் சொல்ல மறந்துவிட்டார். பிரேசிலிடம் ஒருநாளும் மறந்ததில்லை.

“கழுத்து இப்ப... பரவால்ல. நாளைலேருந்து கூட்டத்த நான் நடத்தறேன். மழைக்கும் நானே உக்காந்துக்கறேன். ஓவர்.”

அவர் முடிப்பதற்குள் ஜெபமணி நுழைந்தார்.

“கலெக்டர் ஆபீஸ் டூட்டிக்கு என் பேரையும் போட்டுக்குங்க. மாமியார்... நல்லாத்தான் இருக்காங்க. ஓவர்.”

அவள் பேசவில்லை. பொத்தானை இரண்டு முறை தட்டினாள். டிக், டிக். வாயால் சொல்ல முடியாதபோது ஹாம்கள் ‘சரி’ சொல்லும் விதம்.

கணவர் டம்ளரை எடுக்க வந்தார். மைக்கைத் தூக்கித் திருப்பிப் பார்த்தார். பொத்தானை அமுக்கினார், விட்டார். அது துள்ளிக்கொண்டு மேலே வந்தது.

“நல்லாத்தானே இருக்கு? எப்படி மாட்டிக்கிச்சு?”

டாக்டர் பேசக் கூடாதென்று சொல்லியிருந்தார்.

அவள் கையிலிருந்த ரப்பர் பேண்டை, கறிவேப்பிலைக் கட்டிலேயே திரும்ப மாட்டினாள்.