டிராம்போலின் என்றால் என்ன?

மகன் இறந்து வருஷம் திரும்பவில்லை. அதற்குள் மிக்கேல்ராஜ் வீட்டு வாசலில் ஊர்ப் பிள்ளைகளின் கூச்சலும் கும்மாளமும்.

கத்தாரில் சிறுவர் பூங்கா ஒன்றில் வேலை பார்த்துவிட்டு, அது போதுமென்று குத்தாலத்துக்கே திரும்பிவிட்டவன் அவன். இப்போது வாசலில் வட்டமான இரும்புச் சட்டத்தில் வலை ஒன்றை இழுத்துக் கட்டியிருந்தான். ஏறிக் குதித்தால் ஆளை மேலே தூக்கிப் போடும்.

எதிர்வீட்டு வானதிக்கு அது பொறுக்கவில்லை. பள்ளிக்கூடத்தில் இங்கிலீஷ் டீச்சர்.

"அம்மா, டிராம்போலின்னா என்ன அர்த்தம்?" என்று கேட்டுவிட்டு, பதிலுக்கு நிற்காமல் மகள் ஓவியாவும் குதிக்க ஓடிவிட்டாள்.

வானதி அகராதியைப் புரட்டினாள். ஸ்பானிஷ் மொழியில் அதன் மூலச் சொல்லுக்கு, தண்ணீரில் பாய்வதற்கான பலகை என்று அர்த்தம் போட்டிருந்தது.

சுருக்கென்றது. போன ஆடியில், மதகின் மேலிருந்து ஆற்றில் குதித்த அவன் மகன் எல்வினைச் சுழல் இழுத்துக்கொண்டது. அடக்கத்துக்குக்கூட அப்பனால் வந்துசேர முடியவில்லை.

நேரே போய் நின்றாள்.

"என்னங்க இது? எல்வின் போயி பதினோரு மாசம்கூட ஆகல. ஊர்ப் பிள்ளைங்களைக் குதிக்க விட்டு வேடிக்கை பாக்க எப்படிங்க மனசு வருது?"

அவன் கழன்றிருந்த ஸ்பிரிங் ஒன்றை மாட்டிக்கொண்டிருந்தான்.

"இந்தப் பேருக்கு என்ன அர்த்தம்னாவது தெரியுமா? தண்ணியில குதிக்கிற பலகை!"

சொன்ன பிறகுதான், சொல்லியிருக்க வேண்டாமென்று பட்டது.

"தெரியும் டீச்சர். வேலைக்குச் சேர்ந்த புதுசுலயே சொன்னாங்க. அதை எல்வினுக்கும் போன்ல சொன்னேன். 'அப்ப எங்களுக்கு மதகுதான்பா டிராம்போலின்'னு சிரிச்சான்."

ஸ்பிரிங்கை விட்டுவிட்டு நிமிர்ந்தான்.

"நானும் சிரிச்சேன் டீச்சர். குதிக்காதேன்னு சொல்லத் தோணல."

வானதி, வலையின் மேல் குதித்துக்கொண்டிருந்த மகளைப் பார்த்து, "ஓவியா, இறங்கு. வீட்டுக்குப் போகலாம்" என்றாள்.

"இருக்கட்டும் டீச்சர். இது எல்வினுக்குன்னு வாங்கினது. பிரிக்க மனசில்லாம பெட்டியிலயே கெடந்துச்சு. போன வாரம் ஆத்துல தண்ணி வந்ததும் உங்க பொண்ணு மதகு மேல ஏறி நின்னுச்சு. கையைப் பிடிச்சு இறக்கி இங்க கூட்டியாந்தேன். அன்னிக்குத்தான் பெட்டியைப் பிரிச்சேன்."