டார்ச் லைட்

"இந்த டார்ச் லைட்டா எனக்குப் பாடம் எடுக்கப்போகுது?" என்று நக்கலடித்தார், இருபது வருடமாக இதயம் அறுக்கும் பெரிய டாக்டர்.

ஆய்வுக்கூடப் பெண், எது என்ன பொருள் என்று கண்டுசொல்லும் கையடக்க லேசர் கருவியை எடுத்தாள். நோயாளியின் இதயத்தை ஒட்டி அவர் வெட்டியெடுத்த கட்டியின் மேல் லேசரைப் பாய்ச்சினாள். திரையில் விடை வந்தது.

"இது சதையே இல்லை டாக்டர். ரத்தம் ஒத்துற பருத்தித் துணி. முந்தின ஆபரேஷன்ல உள்ளேயே வெச்சுத் தைச்சிருக்காங்க."

"பலே! மிஷின்னா இதுதான் மிஷின்!" டாக்டர் துள்ளிக் குதித்தார். "துணியைக்கூட எண்ணி எடுக்கத் தெரியாத மடையன் எவன்? பழைய ஃபைலை எடும்மா. சந்தி சிரிக்க வைக்கிறேன்."

நர்ஸ் தூசி தட்டி ஃபைலைப் பிரித்து நீட்டினாள். கடைசிப் பக்கத்தில் அவருடைய கையெழுத்தே பல்லிளித்தது.

டாக்டர் கண்ணாடியைக் கழற்றி நிதானமாகத் துடைத்தார்.

"அப்பவே சொன்னேனா இல்லையா? டார்ச் லைட்டையெல்லாம் நம்பி வைத்தியம் பண்ண முடியுமாம்மா?"