கருகிய சர்க்கரை

"ரெண்டுல ஒண்ணைச் சொல்லு ரூத்லின். எங்க ரெண்டு பேர் ஓட்டும் ஆளுக்கு ஒண்ணுக்குப் போயிடுச்சு. இனி உன் ஓட்டுதான் தீர்ப்பு" என்று இரண்டு கட்டுரைகளையும் மேசையில் வைத்தார் பேராசிரியர் ஹாலிஸ்.

கரீபியத் தத்துவத்தில் சிறந்த மாணவர் ஆய்வுக்கான பரிசு அது. போன வருடம் வென்றவள் என்பதால் இந்த முறை ரூத்லினும் நடுவர். விஷயம் வெளியே யாருக்கும் தெரியாது. கட்டுரைகளிலும் பெயர் கிடையாது.

"யார் எழுதினதுன்னு மோப்பம் பிடிக்காதே, பொண்ணே" என்று சிரித்துவிட்டுப் போனார்.

ரூத்லினுக்கோ அதுதான் முதல் வேலை. "கடைசி ரெண்டுக்குள்ள வந்துட்டேன்டி!" என்று காலையில்தான் ரெஷ்மா ராம்சரண் துள்ளிக்கொண்டு வந்து சொன்னாள். ஆக, இதில் ஒன்று அவளுடையது. எது?

போன வருடம் ரெஷ்மா போட்டிக்கே வரவில்லை. அம்மாவுக்கு உடம்பு முடியாமல் ஊரோடு இருந்துவிட்டாள். ரூத்லின் பரிசு வாங்கியதும், கொண்டைக்கடலைக் கறி வைத்த டபுள்ஸ் பூரி விற்கிற கடையில் கும்பல் சூழ்ந்துகொண்டது. "கார்னிவலுக்கு ரெஷ்மா வரலை, அதான் நீ ராணி!" என்றான் ஒருத்தன். ஆலையில்லா ஊருக்கு இலுப்பைப்பூ என்றுதானே அதற்கு அர்த்தம்!

ட்ரினிடாடில் பாசத்தைக்கூட வாயால் குத்தித்தான் காட்டுவார்கள். அதற்குப் பிக்காங் என்று பெயர். கோபப்பட்டவர் தோற்றவர். ரூத்லினும் சிரித்து வைத்தாள். உள்ளே மட்டும் ஒரு வருடமாகப் புகைந்துகொண்டிருந்தது. இந்த முறை ரெஷ்மா ஜெயித்தால் அந்தக் கிண்டல் உண்மையாகிவிடும்.

முதல் கட்டுரையைத் திறந்தாள்.

'பெலாவ் சமைக்க முதலில் எண்ணெயில் சர்க்கரையைக் கருக்க வேண்டும். அவசரப்பட்டுக் கோழியைப் போட்டால் சோறு இனிக்கும். அசந்துவிட்டால் கசக்கும். நுரைத்துக் கறுக்கிற அந்த நொடியில் போட்டால் இனிப்பு போய்விடும், நிறம் மட்டும் நிற்கும். கரும்புத் தோட்டத்து அடிமை வாழ்வின் நினைவும் அப்படித்தான் நம்மிடம் நிற்கிறது.'

ரூத்லின் வாய்விட்டுச் சிரித்தாள். ரெஷ்மாவின் சர்க்கரை! எந்த வாதத்தையும் பெலாவ் சட்டியில் கொண்டுபோய் முடிக்காவிட்டால் அவளுக்குத் தூக்கம் வராதே.

"உன் ஆய்வைப் படிச்சா பசிதான் வருது, புத்தி வரலையேடி!" என்று ரூத்லின் வகுப்பிலும் கேண்டீனிலும் சொல்லாத நாள் இல்லை. எல்லோரும் அதைப் பிக்காங் என்றே நினைத்தார்கள். பொறாமை என்று தெரிந்தவள் ரூத்லின் ஒருத்திதான்.

இரண்டாவது கட்டுரையில் சட்டியும் இல்லை, கரண்டியும் இல்லை. கப்பலின் அடித்தட்டில் அடைத்துக் கொண்டுவரப்பட்டவனின் முதல் கேள்வி 'நான் யார்' அல்ல, 'என் பக்கத்தில் இருப்பவன் யார்' என்று தொடங்கி, ஒரே நேர்க்கோட்டில் போய் முடிந்தது. அப்பாடா! மனசாட்சிக்கும் உறுத்தல் இல்லை. இரண்டாவதற்கே ஓட்டுப் போட்டு, பாராட்டையும் தாராளமாக எழுதிக் கொடுத்தாள்.

மறுநாள் அரங்கில் ரெஷ்மாவின் பக்கத்திலேயே போய் உட்கார்ந்தாள். அவள் முகம் விழுவதை அருகிலிருந்து பார்க்க வேண்டும்.

ஹாலிஸ் ஒலிபெருக்கியைத் தட்டினார். "ஒரு நடுவர் எழுதினதை அப்படியே படிக்கிறேன்: 'அலங்காரம் இல்லை, சுற்றி வளைப்பு இல்லை. போன வருடம் பரிசு பெற்ற ஆய்வு இதன் கால்தூசி பெறாது.' பரிசு... ரெஷ்மா ராம்சரண்!"

கைதட்டல் கூரையைப் பிய்த்தது. ரெஷ்மா துள்ளி எழுந்து பக்கத்திலிருந்த ரூத்லினைக் கட்டிக்கொண்டாள்.

"அப்போ... அந்தச் சர்க்கரை?" ரூத்லினுக்கு வாய் தவறிவிட்டது.

"அதுவா? நீ போற இடமெல்லாம் சொல்லிச் சொல்லிச் சிரிச்சியா, முதல் வருஷ ஜானெலுக்கு அது ரொம்பப் பிடிச்சுப்போச்சு. 'நான் எடுத்துக்கட்டுமாக்கா'ன்னு வந்து நின்னா. எடுத்துக்கோன்னுட்டேன்."

"அப்போ நீ?"

"எனக்கு எதுக்குடி அது? நீ சிரிச்ச இடத்தையெல்லாம் ஒண்ணு விடாம வெட்டினேன். மிச்சம் இருந்ததை அனுப்பினேன்."