முதல் பாட்டில் கத்துகிற பெண்

பதினேழு பாட்டுக்குக் கையெழுத்து வந்துவிட்டது. மிச்சம், முதல் பாட்டில் கத்துகிற பெண்.

மணி மூன்று. நான்கு மணிக்குள் அவளுடைய சம்மதப் பேப்பர் வந்தால் அந்தப் பாட்டு இசைத்தட்டில் இருக்கும். வராவிட்டால் இருக்காது.

இதைப் பார்த்துக்கொள்ளத்தான் செம்பூரில் இருக்கும் இந்தக் கம்பெனி என்னை வைத்திருக்கிறது. தட்டில் யார் குரல் இருந்தாலும் அவரைத் தேடிப் பிடித்துக் கையெழுத்து வாங்க வேண்டும்.

வெளிவரப்போவது ‘கட்டர்’ பேண்டின் பதினைந்து வருடத் தொகுப்பு. பங்க் ராக். எந்தக் கம்பெனிக்கும் பணிய மாட்டோம் என்று அவர்கள் பாடியதெல்லாம் ஒரே பெட்டியில், கம்பெனி முத்திரையோடு, சிவப்பு வெல்வெட் உறை போட்டு.

கட்டர், அதாவது சாக்கடை, என்று பெயர் வைத்துக்கொண்ட நான்கு பேரும் மாட்டுங்காவில் லிஃப்ட் வைத்த கட்டடங்களில் வளர்ந்தவர்கள். நிஜக் கட்டரைத் தாண்டியது, பிராக்டிஸுக்கு வாடகை குறைவு என்று தாராவிக்கு வந்த அந்த ஒரு வருடம்தான். தோல்பை தைக்கும் கார்கானாவின் மேல்மாடியில் ராப்பகலாகத் தட்டினார்கள்.

தாராவிதான் எங்களைப் பெற்றெடுத்தது என்று இன்றுவரை பேட்டி கொடுக்கிறார்கள். பெற்றவளுக்கு வலித்ததா என்று யாரும் கேட்கவில்லை.

பாடகர் நிகில் என் எதிரே உட்கார்ந்து காலாட்டிக்கொண்டிருந்தார். ‘சார்’ போடாதே, நான் பங்க் என்பார். போடாவிட்டால் முகம் சுருங்கும்.

முதல் பாட்டின் பெயர் ‘நிறுத்து’. ஒரு பெண் “நிறுத்துங்கலே, நிறுத்துங்கலே” என்று தொண்டை கிழியக் கத்துவாள். அதன்மேல் டிரம்ஸ் ஏறும். அவ்வளவுதான் பாட்டு. பன்னிரண்டு வருடமாக, போகிற ஊரிலெல்லாம் கூட்டம் அவளோடு சேர்ந்து கத்துகிறது. இந்தப் பாட்டு இல்லாவிட்டால் தொகுப்பை நிகிலின் சொந்தக்காரர்கள் மட்டும்தான் வாங்குவார்கள்.

உறையில் அச்சிட நிகிலே ஒரு குறிப்பு எழுதியிருந்தார். ‘வீடுகளை இடிக்க வந்த புல்டோசரின் முன்னால் நின்ற, பெயர் தெரியாத தாராவிப் பெண்ணின் குரல்.’

அந்தக் கார்கானா இருந்த சந்தில் சைக்கிளையே ஒருக்களித்துத்தான் தள்ள வேண்டும்.

“சஃப்ரீன், நீ தாராவிதானே? அங்க யாரையாவது கேட்டுப் பாரேன்,” என்று காலையிலேயே சொல்லியிருந்தார். “உங்க பக்கம் எல்லாருக்கும் எல்லாரையும் தெரியுமே.”

தெரியும். பத்து லட்சம் பேரும் தினம் காலையில் வரிசையாக நின்று ஒருவருக்கொருவர் வணக்கம் சொல்லிக்கொள்வோம்.

கேட்டு வருகிறேன் என்று கிளம்பினேன். ஸ்டேஷன் வாசலில் ஒரு கட்டிங் சாய் குடித்தேன். திரும்பி வந்து பேப்பரை மேஜைமேல் வைத்தேன்.

நிகிலின் கால் நின்றது.

“கெடைச்சுட்டாளா?”

பேப்பரை எடுத்துப் பார்த்தவர், அப்படியே என்னிடம் நீட்டினார். எழுதியிருந்தது தமிழில். தமிழில் பாடித்தான் பெரிய ஆளானார், ஆனால் படிக்க வராது. வரிகளை இங்கிலீஷ் எழுத்தில் எழுதி வைத்துக்கொண்டு பாடுவார்.

நானே படித்தேன். அவள் இரண்டு நிபந்தனை போட்டிருந்தாள். வெட்டாமல் முழுக்குரலையும் போட வேண்டும். குரல் முடிகிற இடத்தில் பாட்டும் முடிய வேண்டும், அதற்குப் பிறகு ஒரு சத்தமும் வரக்கூடாது.

“யாரு இவ? கண்டிஷன்லாம் போடறா.”

பேப்பரைக் கீழே வைத்தேன். சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தேன். அவரும் பார்த்தார்.

ஒலிப்பதிவு மேஜையில் இருந்த அனந்த், வெட்டாத பழைய பதிவைத் தேடியெடுத்து ஓடவிட்டார். முதலில் நாடு முழுக்கத் தெரிந்த கத்தல். பிறகு, பாட்டில் இதுவரை வராத மிச்சம்.

“நிறுத்துங்கலே. நாளைக்கு எனக்குக் கெமிஸ்ட்ரி பரீட்சை. ஒங்கப்பனா வந்து எழுதுவான்?”

அதற்கப்புறம் நான்கு பையன்களின் சிரிப்பு. அதில் ஒரு குரல், இளமையாக, நன்றாக அடையாளம் தெரிகிற மாதிரி: “சூப்பர்டா. இன்னும் சத்தமா வாசி.”

அனந்த் குனிந்து ஏதோ ஒயரைச் சரிசெய்தார். ஒயர் சரியாகத்தான் இருந்தது.

நிகில் கொஞ்ச நேரம் தாடியைத் தடவினார். வெட்கம் வருகிறதோ என்று பார்த்தேன். யோசனைதான் வந்தது.

“பரீட்சைகூட ஒரு புல்டோசர்தானே,” என்றார். “அதுக்கப்புறம் ஒண்ணுமே இல்லாம முடியறது... நெனச்சுப் பாத்தா ரொம்ப பங்க்.”

உறைக் குறிப்பையும் அங்கேயே மாற்றினார். புல்டோசருக்குப் பதில் ‘கல்விமுறை’. ஒரே சொல்லில் வேலை முடிந்தது.

மணி மூன்று ஐம்பது. அனந்த் சத்தத்தை வெட்டத் தொடங்கினார்.

“பேரையும் போட்டுடு, சஃப்ரீன். ஸ்பெல்லிங் கேட்டுண்டு வந்தியோன்னோ? அப்புறம் தப்பாப் போட்டுட்டோம்னு சண்டைக்கு வரப்போறா.”

கழுத்தில் தொங்கிய கம்பெனி அடையாள அட்டையைக் கழற்றிப் பேப்பருக்குப் பக்கத்தில் வைத்தேன். அதில் என் பேர் இங்கிலீஷில்தான் இருக்கிறது. அவருக்குப் படிக்க வரும்.

அந்தக் கெமிஸ்ட்ரியில் முப்பத்தாறு. பார்மசிக்குப் போக வேண்டியவள் பி.ஏ.வுக்குப் போனேன். எங்கள் வீட்டில் முதல் பட்டம் என்று உம்மா சந்து முழுக்க லட்டு கொடுத்தாள்.

நிகில் அட்டையைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். மறுபடி அட்டையைப் பார்த்தார். வாயைத் திறப்பதற்குள் அனந்த் பாட்டை ஓடவிட்டுவிட்டார்.

கத்தல் வந்தது. கெமிஸ்ட்ரி வந்தது. அப்பன் வந்தான்.

டிரம்ஸ் ஏற வேண்டிய இடத்தில் ஒன்றுமே இல்லை. ஃபேன் சுற்றுவதுகூடக் கேட்டது. உட்கார்ந்து படிக்கலாம், அப்படி ஓர் அமைதி.

நிறுத்திவிட்டார்கள். பன்னிரண்டு வருடம்தான் பிடித்தது.