கவிழ்க்காத சீட்டு

பெண்ணின் அப்பா பதிமூன்று சீட்டையும் விரித்துப் பார்த்தார்.

மோசமில்லை. நன்றாகவும் இல்லை.

இஸ்பேடு ஐந்து, ஆறு. நான்கோ ஏழோ வந்தால் கை எழும்பும். ஒரு ஜோக்கர். மற்றவை ஒன்றோடொன்று சேராமல் கிடந்தன. இடம் மாற்றி அடுக்கினார். மறுபடி மாற்றினார்.

எதிரே சம்பந்தி அர்த்தநாரி வெற்றிலையை மென்றபடி காத்திருந்தார்.

திண்டுக்கல் மண்டபத்தின் மாடி அறை. கீழே நிச்சயதார்த்தப் பந்தி முடிந்து இலை எடுத்துக்கொண்டிருந்தார்கள். கல்யாணத்தைப் பெண்ணின் ஊரான போடியில் வைப்பதா, மாப்பிள்ளையின் ஊரான கரூரிலா என்று காலையிலிருந்து பேசியும் முடியவில்லை. ரம்மியில் தீர்த்துக்கொள்ளுங்களேன் என்று யாரோ வேடிக்கையாகச் சொன்னார்கள். ஜெயித்தவர் சொல்லும் ஊர்.

அவர் சரி என்றார். அதற்குப் பிறகு அது வேடிக்கையாக இல்லை.

போடியில் அக்கா படுக்கையில் இருந்தாள். தாயில்லாத அவர் மகளைக் கைக்குழந்தையிலிருந்து வளர்த்தவள். இடுப்பெலும்பு முறிந்தவளை வண்டியில் ஏற்ற முடியாது. கரூர் என்றால், மகள் கழுத்தில் தாலி ஏறுவதை அக்கா பார்க்கப்போவதில்லை.

சம்பந்தியிடம் இதைச் சொல்லியிருக்கலாம்.

சொன்னால் அது கேட்பதாகிவிடும். அவர் பிறந்த வீட்டில் யாரும் யாரிடமும் எதையும் கேட்டதில்லை.

இது கடைசிக் கை. குறைந்த புள்ளி வைத்திருப்பவருக்கு ஆட்டம். அவருக்கு முப்பது. சம்பந்திக்கு அறுபது.

முதல் சீட்டை எடுக்காமல், கையைக் கவிழ்த்து ‘ஸ்கூட்’ என்றால் அவருக்கு இருபது ஏறும். அவ்வளவுதான். ஐம்பதோடு ஜெயிப்பது அவரே. ஆடித் தோற்றால், சேராத சீட்டெல்லாம் புள்ளியாக ஏறும்.

பக்கத்திலிருந்த தம்பி தவமணி மெல்லக் குனிந்தார். “அண்ணே, கவுத்திருங்க.”

அது சம்பந்தியின் காதிலும் விழுந்தது.

“கவுத்துப் போட்டே ஜெயிச்சுக்கோங்க சம்பந்தி. நாங்க ஒண்ணும் நெனச்சுக்க மாட்டோமுங்க.”

மாப்பிள்ளை வீட்டார் சிரித்தார்கள். கெட்ட சிரிப்பு இல்லை.

ஆனாலும் சிரிப்பு.

கவிழ்ப்பதுதான் கணக்கு. கவிழ்த்தால் கரூரில் ஒரு பேச்சு இருக்கும். பெண் வீட்டார் பயந்து ஜெயித்தார்கள். மகள் அந்தப் பேச்சுக்கு நடுவில்தான் குடித்தனம் செய்யவேண்டும்.

சீட்டின் விளிம்பைக் கட்டைவிரல் சுரண்டிக்கொண்டே இருந்தது. நிறுத்தினார். அது மறுபடி சுரண்டியது.

அக்காவின் முகம் வந்தது. சீட்டுகளை மூடினார்.

திறந்தார்.

நடுவிலிருந்த சீட்டுக்கட்டை நோக்கிக் கை போனது. எடுத்துவிட்டார்.

சிவப்பு ஆட்டின் ராஜா. ஒன்றுக்கும் ஆகாது.

தவமணி எழுந்து ஜன்னலருகே போனார்.

நான்கு வரவில்லை. ஏழும் வரவில்லை. சம்பந்தி எடுத்தார், போட்டார், எடுத்தார். பிறகு ஒரு சீட்டைக் குப்புற வைத்துவிட்டு, மற்றவற்றை வரிசை குலையாமல் பரப்பி ஆட்டத்தை முடித்தார்.

இவர் கையில் தேங்கியிருந்ததைக் கூட்டிப் பார்க்கத் தேவையிருக்கவில்லை.

“அப்ப நான் சொல்ற ஊருங்களா?”

முதுகை நிமிர்த்திக்கொண்டார். “சொல்லுங்க.”

“போடியிலயே வச்சுக்கலாமுங்க. உங்க அக்காவுக்கு இடுப்பு முடியலீங்களாமா. அவங்க பாக்காம என்ன கல்யாணம்?”

எல்லோரும் ஒன்றாகப் பேசினார்கள். பெரிய மனசு என்றார்கள். பெண் வீட்டாரும் சொன்னார்கள்.

தவமணி திரும்பவில்லை. ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டிருந்தார். யார் போய்ச் சொன்னது என்று கேட்க வேண்டியதில்லை.

பெண்ணின் அப்பா கைகூப்பினார். கூப்பத்தான் வேண்டியிருந்தது.

அதே ஊர். அதே கல்யாணம்.

கவிழ்த்திருந்தால் அவர் ஜெயித்தது. இப்போது சம்பந்தி கொடுத்தது.

சம்பந்தி எழுந்து வேட்டியை இறுக்கிக் கட்டினார். “கீழ போலாங்களா? காப்பி வந்திருக்கும்.”

“உக்காருங்க, சம்பந்தி. இன்னொரு கை போடுவோம்.”

“எதுக்குங்க? அதான் ஊரு முடிவாயிருச்சே.”

தவமணி இப்போது திரும்பினார்.

அண்ணன் அதற்குள் சீட்டுகளை வாரிக் கலைக்கத் தொடங்கியிருந்தார்.

“அந்த ஊரை ஜெயிச்சு வாங்கத்தான்,” என்றார்.